அம்மாவுக்கு வலிப்பே கிடையாது, அப்புறம் எதுக்கு வலிப்பு மாத்திரை?

#1 புளியரைக்காரி | செவ்வாய், இரவு 9.42

எல்லாருக்கும் வணக்கம். எங்கம்மாவுக்கு 68 வயசு. ஒரு வருஷமா இடது கன்னத்துல கரண்ட் அடிச்ச மாதிரி வலி. பல்லு தேய்க்க முடியாது. காத்து பட்டாலே கன்னத்தைப் பொத்திக்கிட்டு உக்காந்திருவாங்க. பல்வலின்னு நெனச்சுக் கடைவாய்ப் பல் ரெண்டைப் பிடுங்கியும் போகல. கடைசியில திருவனந்தபுரத்துல ஒரு நரம்பு டாக்டர் பாத்து, இது முகநரம்பு வலின்னு சொல்லி டெக்ரெட்டால் 200 காலையும் ராத்திரியும் குடுத்தாங்க. ஒரு வாரத்துல அம்மா மறுபடி வெத்தலை போட ஆரம்பிச்சாங்க. எங்களுக்கு அது பெரிய விஷயம்.

போன வாரம் எதிர்வீட்டு அத்தை மாத்திரை அட்டையப் பாத்துட்டு, "இது காக்கா வலிப்புக்குக் குடுக்கிறதுல்லா, எம் மருமவனுக்கும் இதான்"னு சொல்லிட்டாங்க. அம்மாவுக்கு வலிப்பே வந்ததில்ல. அன்னையிலிருந்து மாத்திரையக் கையில எடுக்கவே பயப்படுதாங்க. அதுக்கேத்த மாதிரி ரெண்டு நாளாத் தலை சுத்துது, நடக்கையில ஆடுறாங்க, எதைப் பாத்தாலும் ரெண்டு ரெண்டாத் தெரியுதுங்கிறாங்க. அவங்களுக்குக் கண்ணுல பிரஷர் வேற உண்டு. கண்ணு போயிருமோன்னு பயமா இருக்கு. மாத்திரைய நிறுத்திரட்டுமா?

#2 எஸ்வளைவு | செவ்வாய், இரவு 10.15

தங்கச்சி, நான் 22 வருஷமா மருந்தாளுநர். ஊர் செங்கோட்டை, வேலை திருவனந்தபுரத்தில். முதலில் அவசரமானதைச் சொல்லிவிடுகிறேன். நீங்களாக நிறுத்த வேண்டாம். அடுத்த வேளை மாத்திரையைக் கொடுக்கும் முன் அந்த நரம்பு டாக்டரையோ அவருடைய ஆஸ்பத்திரியையோ போனில் கூப்பிட்டு, "ரெண்டு ரெண்டாத் தெரியுது, ஆடுறாங்க" என்று இதே வார்த்தையில் சொல்லுங்கள். இன்றைக்கு ராத்திரியே. வாந்தி எடுத்தாலோ, மயக்கமாகக் கிடந்தாலோ போனுக்குக் காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள்.

இனி உங்கள் கேள்வி. அந்த அத்தை சொன்னது தப்பில்லை, பாதிதான் சொன்னார். டெக்ரெட்டாலுக்குள் இருக்கும் மருந்தின் பெயர் கார்பமசெபைன். வலிப்புக்கும் கொடுப்பார்கள், முகநரம்பு வலிக்கும் கொடுப்பார்கள். முகநரம்பு வலிக்கு இது கேட்கும் என்று 1962லேயே எழுதிவிட்டார்கள். இன்றைக்கும் இந்த வலிக்கு டாக்டர்கள் முதலில் எடுக்கும் மருந்து இதுதான்.

ஒரே மருந்து எப்படி இரண்டுக்கும் கேட்கிறது? வயல் மடையை நினைத்துக்கொள்ளுங்கள். நரம்பின் உடம்பெங்கும் சின்னச் சின்ன மடைகள் உண்டு. அது திறந்தால் சோடியம் உள்ளே பாயும், அந்தப் பாய்ச்சல்தான் நரம்பு அனுப்பும் செய்தி. ஒருதரம் திறந்த மடை தானாக அடைத்துக்கொண்டு, ஒரு நொடியில் சிறு பங்கு நேரம் பூட்டிக் கிடக்கும், பிறகுதான் மறுபடி திறக்கத் தயாராகும். கார்பமசெபைன் அந்தப் பூட்டிய மடையில் போய் உட்கார்ந்து, பூட்டு விலகும் நேரத்தைக் கொஞ்சம் நீட்டுகிறது. சாதாரண வேகத்தில் வரும் செய்திக்கு இந்தத் தாமதம் பெரிசில்லை, அதனால்தான் அம்மாவுக்குக் கன்னம் மரத்துப்போவதில்லை. பைத்தியம் பிடித்தது போல் விடாமல் திறந்து மூடும் மடைக்குத்தான் கட்டு விழும். அந்த வெறி மூளையில் நடந்தால் வலிப்பு, கன்னத்து நரம்பில் நடந்தால் கரண்ட் அடிக்கிற வலி.

இப்போது எனக்குப் பதில் வேண்டும். அம்மா சாப்பிடுவது, போடுவது, தடவுவது எல்லாவற்றையும் எழுதுங்கள். எது எப்போது ஆரம்பித்தது என்பதும் வேண்டும்.

#3 மேக்கரை | செவ்வாய், இரவு 10.50

மதினி, கண்ணுக்கு நந்தியாவட்டைப் பூவ நசுக்கி ரெண்டு சொட்டு விடுங்க. எங்க ஆச்சி காலத்துல எல்லாம் அதுதான். குளிர்ச்சி.

#4 எஸ்வளைவு | செவ்வாய், இரவு 11.04

மேக்கரைத் தம்பி, நல்ல மனசோடு சொல்கிறீர்கள், தெரிகிறது. ஆனாலும் கண்ணுக்குள் எந்தச் சாறும் வேண்டாம், தாய்ப்பாலும் வேண்டாம். பூவிலும் இலையிலும் இருக்கும் பூஞ்சை கருவிழியில் ஒட்டிப் புண்ணாகிவிட்டால் அதை ஆற்ற மாதக்கணக்காகும், வெள்ளைத் தழும்பு விழுந்து பார்வையே போனவர்களை நான் பார்த்திருக்கிறேன். இன்னொன்று, அந்த அம்மாவின் கண்ணில் இருப்பது சூடு இல்லை, அழுத்தம். மேலே போடும் எந்தக் குளிர்ச்சியும் அதைத் தொடாது.

#5 புளியரைக்காரி | புதன், காலை 6.20

அண்ணே, ராத்திரி ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டேன். டியூட்டி டாக்டர் காலை மாத்திரைய மட்டும் விட்டுட்டு இன்னைக்கே கூட்டிட்டு வரச் சொன்னாங்க. எட்டு மணி வண்டிக்குக் கிளம்புதோம்.

நீங்க கேட்டது: டெக்ரெட்டால், சில மாசமா. பிரஷர் மாத்திரை அம்லோடிபின் 5, பல வருஷமா. அஞ்சு நாளா கிளாரித்ரோமைசின்னு ஒரு ஆன்டிபயாடிக், 500 ரெண்டு வேளை, இது நம்ம ஊர்ல ஒரு கிளினிக்குல குடுத்தது. மூணு வாரமா இருமலும் மூச்சு இளைப்பும், அதுக்கு. வேற மாத்திரை எதுவும் கிடையாது.

#6 எஸ்வளைவு | புதன், காலை 6.31

கிளாரித்ரோமைசின் அட்டையையும் டெக்ரெட்டால் அட்டையையும் கையோடு எடுத்துப் போங்கள். டாக்டர் முன்னால் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள்.

கார்பமசெபைனை உடம்பிலிருந்து கழிக்கிற வேலை ஈரலில் ஒரு நொதியுடையது. கிளாரித்ரோமைசின் அந்த நொதியைக் கட்டிப்போடும். மாத்திரை அதே இரண்டுதான், ஆனால் போகிற வழி அடைபட்டதால் ரத்தத்தில் ஏறிக்கொண்டே போகும். தலைசுற்றல், தள்ளாட்டம், இரட்டைப் பார்வை, வாந்தி, இதெல்லாம் கார்பமசெபைன் மிதமிஞ்சியதன் அடையாளம். பஸ்ஸில் ஒன்று செய்து பாருங்கள். அம்மாவை ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு பார்க்கச் சொல்லுங்கள், பிறகு மறு கண்ணை. எந்தக் கண்ணைப் பொத்தினாலும் ஒன்றாகத் தெரிந்தால் தனித்தனியாக இரண்டு கண்ணும் சரி, இரண்டையும் சேர்த்து ஓட்டுகிற இடத்தில்தான் கோளாறு.

கண்ணுக்குப் பிரஷர் என்றீர்களே, அதற்கு ஒன்றுமே போடுவதில்லையா?

#7 புளியரைக்காரி | புதன், காலை 8.47

ஆரியங்காவு தாண்டியாச்சு. பொத்திப் பாத்தாங்க அண்ணே, ஒரு கண்ணுல பாத்தா ஒண்ணாத்தான் தெரியுதாம். எங்கம்மா சிரிச்சதை மூணு நாளைக்கு அப்புறம் இப்பத்தான் பாக்கேன்.

கண்ணுக்குச் சொட்டு மருந்து போடுதாங்க. ஐயோடிம். ரெண்டு மாசத்துக்கு முன்னால கண் முகாம்ல பிரஷர் 28ன்னு சொல்லி எழுதிக் குடுத்தது. சொட்டு மருந்துதானே, மருந்துன்னு சொல்லணும்னே தோணல. கிளினிக்குலயும் சொல்லல.

#8 எஸ்வளைவு | புதன், காலை 8.58

தங்கச்சி, அம்மாவுக்கு முன்னால் எப்போதாவது இளைப்பு உண்டா? சின்ன வயதில்?

#9 புளியரைக்காரி | புதன், காலை 9.05

கேட்டேன். கல்யாணத்துக்கு முன்னால ஆடி மாசச் சாரல் வந்தாலே இளைக்குமாம். அப்புறம் நாப்பது வருஷமா இல்லையாம். எனக்கே இன்னைக்குத்தான் தெரியுது.

#10 எஸ்வளைவு | புதன், காலை 9.40

அப்படியானால் இன்று டாக்டரிடம் சொல்ல வேண்டியது இரண்டு. விவரமாக எழுதுகிறேன், போகிற வழியில் படியுங்கள்.

கண்ணை ஒரு சின்னக் குளம் என்று வையுங்கள். முன்பாகத்தில் தெளிந்த நீர் ஓயாமல் ஊறிக்கொண்டே இருக்கும், நிமிடத்துக்கு இரண்டு மூன்று மைக்ரோலிட்டர். ஒன்றரை இரண்டு மணி நேரத்துக்குள் பழைய நீர் முழுக்கப் போய்ப் புது நீர் வந்துவிடும். வரத்துக்கேற்ப மறுகால் பாய்ந்தால் அழுத்தம் 10க்கும் 21க்கும் நடுவே நிற்கும். மறுகால் தூர்ந்துபோனால் நீர் ஏறி, பின்னால் இருக்கும் பார்வை நரம்பை நசுக்கும். வலிக்காது. ஓரத்திலிருந்து பார்வை தின்றுகொண்டே வரும், செத்த நரம்பு திரும்பாது. அதனால்தான் வலியே இல்லாத ஒரு வியாதிக்கு ஆயுசு முழுக்கச் சொட்டு விடச் சொல்கிறார்கள், அதனாலேயே பாதிப் பேர் நடுவில் விட்டுவிடுகிறார்கள்.

ஐயோடிமில் இருப்பது டிமோலால். வரத்தைக் குறைக்கிற மருந்து, நீர் ஊறும் இடத்தில் உடம்பின் செய்தியை வாங்கிக்கொள்ளும் பீட்டா ஏற்பிகளை அடைக்கிறது. 1978லிருந்து அமெரிக்காவிலேயே புழக்கத்தில் இருக்கிறது, நல்ல மருந்து, விலையும் குறைவு. ஆனால் அதே வகை ஏற்பி மூச்சுக்குழலிலும் உண்டு, இதயத்திலும் உண்டு. மூச்சுக்குழலை விரித்து வைத்திருப்பதே அதுதான். அதை அடைத்தால், இளைப்பு உறங்கிக் கிடக்கிற நெஞ்சில் இளைப்பு எழும்பும்.

ஒரு சொட்டு எப்படி நெஞ்சுவரை போகும் என்று கேட்பீர்கள். பாட்டிலிலிருந்து விழும் சொட்டு 30லிருந்து 50 மைக்ரோலிட்டர் வரும். இமைக்குள் அவ்வளவுக்கு இடம் இல்லை. மிச்சம் கொஞ்சம் கன்னத்தில் வழியும், கொஞ்சம் கண்ணின் உள்மூலையில் இருக்கும் ஊசித்துளை வழியாக மூக்குக்குள் இறங்கும். அழுதால் மூக்கு ஒழுகுகிறதே, அந்த வழிதான். மூக்குச் சவ்விலிருந்து நேரே ரத்தம். விழுங்குகிற மாத்திரையாவது முதலில் ஈரலுக்குப் போய் அங்கே கொஞ்சம் அடிபடும், இது அப்படியில்லை. அதனால்தான் சொட்டு விட்டதும் கண்ணை மூடி, மூக்கோரத்து உள்மூலையை விரலால் இரண்டு நிமிடம் அழுத்திக்கொள்ளச் சொல்கிறோம். அதற்காக, இளைப்பு உள்ளவர்கள் அழுத்திக்கொண்டு போட்டால் சரி என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். அவர்களுக்கு டிமோலாலே கூடாது.

ஆக, என் ஊகம்: கண்ணுக்குச் சொட்டு, அதனால் இளைப்பு, இளைப்புக்குக் கிளாரித்ரோமைசின், அதனால் டெக்ரெட்டால் ஏறி இரட்டைப் பார்வை. மூன்று டாக்டரும் தத்தம் இடத்தில் சரியாகத்தான் எழுதியிருக்கிறார்கள். ஒருவர் எழுதியது மற்ற இருவருக்கும் தெரியாது. ஊகம்தான், டாக்டர் பார்த்துத் தீர்மானிக்கட்டும்.

#11 குண்டாறு பாசனம் | புதன், பகல் 12.10

எஸ்வளைவுத் தம்பி, மடையும் மறுகாலும் வச்சு நீங்க சொன்னது எனக்கு அப்படியே விளங்கிச்சு. எனக்கு 15 வருஷமாச் சக்கரை. ராத்திரியானாப் பாதம் ரெண்டும் தணல்ல வச்ச மாதிரி எரியும். கபாபெண்டின் குடுத்திருக்காவ. இதுவும் வலிப்பு மாத்திரைதானாமே?

#12 எஸ்வளைவு | புதன், பகல் 1.25

ஆமாம் அண்ணாச்சி, இதுவும் வலிப்புக்கென்று வந்ததுதான், 1993ல் அமெரிக்காவில் அனுமதி. காபா என்பது மூளைக்கு பிரேக் போடுகிற இயற்கைப் பொருள். அதைப் போலவே செய்தால் பிரேக் பிடிக்கும் என்று நினைத்துச் செய்தார்கள், பெயரிலும் காபாவைச் சேர்த்தார்கள். கடைசியில் பார்த்தால் மருந்து வேலை செய்தது, ஆனால் காபா வழியாக இல்லை. நரம்பு முடிகிற நுனியில் கால்சியம் நுழைகிற மடை ஒன்று உண்டு. கால்சியம் நுழைந்தால்தான் அந்த நரம்பு வலிச் செய்தியை அடுத்ததற்குக் கைமாற்றும். கபாபெண்டின் அந்த மடையின் ஒரு துண்டைப் பிடித்துக்கொள்கிறது, நுனிக்கு வந்து சேரும் மடைகள் குறைகின்றன, கைமாற்றும் வலியும் குறைகிறது. இதே வகை மருந்தான பிரெகாபலினும் இதே வழிதான்.

உங்களுக்கு ஒரு எச்சரிக்கை. இதை ஈரல் தொடாது, முழுக்க மூத்திரத்தோடுதான் போகும். சக்கரையில் கிட்னி தளர்ந்திருந்தால் உடம்பில் தேங்கும். பகலெல்லாம் தூக்கம், காலில் வீக்கம், தள்ளாட்டம் என்றால் கிரியாட்டினின் என்கிற கிட்னி ரத்தப் பரிசோதனை பார்த்து அளவைக் குறைப்பார்கள். எரிச்சல் குறைந்தாலும் பாதத்தைத் தினமும் பார்த்துக்கொள்ளுங்கள். மருந்து வலியைத்தான் அடக்குகிறது, போன நரம்பைத் திருப்பித் தருவதில்லை. முள் குத்தினாலும் தெரியாது.

#13 தென்மலை ஓட்டுநர் | புதன், மாலை 4.02

எனக்கு ஒத்தைத் தலைவலிக்கு டோபிராமேட் 25 ஆரம்பிச்சு ரெண்டு வாரம் ஆகுது. விரல் நுனியெல்லாம் எறும்பு ஊர்ற மாதிரி இருக்கு. சோடா குடிச்சா வெறும் தண்ணி மாதிரி, உறைப்பே இல்ல. இதுவும் வலிப்பு மாத்திரையா?

#14 எஸ்வளைவு | புதன், மாலை 5.30

இதுவும்தான் தம்பி. உங்கள் சோடாக் கதை இந்த இழைக்கே வேண்டிய கதை. உடம்பில் கார்பானிக் அன்ஹைட்ரேஸ் என்று ஒரு நொதி உண்டு, கரியமில வாயுவையும் தண்ணீரையும் சேர்த்து அமிலமாக்குவது. நாக்கில் சோடா சுருக்கென்று குத்துவதே இதன் வேலை. டோபிராமேட் செய்கிற பல வேலையில் இந்த நொதியை லேசாக அடக்குவதும் ஒன்று. எறும்பு ஊர்வதும் சோடா சப்பென்று போவதும் அதனால்தான். ஆபத்தில்லை, டாக்டரிடம் சொல்லிவையுங்கள், தண்ணீர் நிறையக் குடியுங்கள். இல்லையென்றால் கிட்னியில் கல் சேரலாம்.

இதே நொதி கண்ணுக்குள்ளும் இருக்கிறது. நீர் ஊறுவதற்கு அது வேண்டும். அதனால்தான் கண்ணழுத்தம் திடீரென்று ஏறினால் அசிட்டசோலமைடு, நம் கடைகளில் டயமாக்ஸ் என்று கிடைப்பது, கொடுத்து வரத்தைப் பட்டென்று குறைக்கிறார்கள். அதே டயமாக்ஸ் சில வகை வலிப்புக்கும் கொடுக்கிற மருந்து.

ஆனால் கவனியுங்கள். டோபிராமேட் சிலருக்கு, அதுவும் முதல் ஒரு மாதத்துக்குள், நேர் எதிராகக் கண்ணழுத்தத்தை ஏற்றிவிடும். கண்ணின் உள்சவ்வு வீங்கி, கண்ணின் லென்ஸை முன்னால் தள்ளி, மறுகாலையே அடைத்துவிடுகிறது. இரண்டு கண்ணும் திடீரென்று மங்கினால், வலித்தால், சிவந்தால், வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு அந்த நேரமே கண் ஆஸ்பத்திரிக்குப் போங்கள், "டோபிராமேட் சாப்பிடுகிறேன்" என்பதை முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். அரிதாக நடப்பதுதான். ஆனால் தெரியாமல் சாதாரணக் கண்வலி என்று சொட்டு வாங்கிப் போட்டுக்கொண்டு நாளைக் கடத்துகிறவர்களுக்குத்தான் பார்வை போகிறது. மலைப்பாதையில் ஓட்டுகிறீர்கள், தூக்கமோ வார்த்தை தடுமாறுவதோ இருந்தாலும் சொல்லுங்கள்.

#15 ஆரியங்காவு டீச்சர் | புதன், இரவு 8.15

நான் இந்த இழையைக் காலையிலிருந்து படித்துக்கொண்டிருக்கிறேன். எதிர்வீட்டு அத்தை "காக்கா வலிப்பு" என்று சொன்னதும் அந்த அம்மா பயந்தார்களே, அதுதான் மனதை உறுத்துகிறது. எனக்கு 14 வயதிலிருந்து வலிப்பு. இங்கே மலையாளத்தில் அபஸ்மாரம் என்பார்கள், நம் பக்கம் காக்கா வலிப்பு என்பார்கள், இரண்டு ஊரிலும் குரலைத் தாழ்த்தித்தான் சொல்வார்கள். மாத்திரை போட்டு ஏழு வருடமாக ஒருதரம்கூட வரவில்லை. பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்துகிறேன்.

முதலில் எனக்கு வால்புரோயேட் கொடுத்தார்கள். நன்றாகக் கேட்டது. கல்யாணப் பேச்சு வந்தபோது டாக்டரே கூப்பிட்டு, இந்த மருந்து வயிற்றில் வளரும் குழந்தையின் முதுகுத்தண்டையும் மூளையையும் பாதிக்கக்கூடியது, கருவுறுவதற்கு முன்பே மாற்றிவிடலாம் என்றார். ஆறு மாதம் எடுத்து லெவெடிராசெட்டத்துக்கு மாற்றினார்கள், போலிக் அமிலமும் சேர்த்தார்கள். திருவனந்தபுரம் ஸ்ரீசித்ரா மருத்துவ நிறுவனத்தில் 1998லிருந்து வலிப்புள்ள கர்ப்பிணிகளுக்கென்றே ஒரு பதிவேடு நடத்துகிறார்கள். எந்த மருந்தில் எத்தனை குழந்தை எப்படிப் பிறந்தது என்று வருடக்கணக்காகத் தொகுத்திருக்கிறார்கள். நம் பெண்களின் உடம்பிலிருந்தே வந்த கணக்கு அது. என் பயம் தெளிந்தது அங்கே போன பிறகுதான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். வலிப்பு இருந்தால் கல்யாணமே செல்லாது என்று இன்னும் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். இந்து திருமணச் சட்டத்திலிருந்து அந்த வார்த்தையை 1999லேயே எடுத்துவிட்டார்கள். என் மாப்பிள்ளை வீட்டாரிடம் முதல் நாளே சொல்லித்தான் கட்டிக்கொண்டேன்.

எஸ்வளைவு அண்ணனிடம் ஒரு கேள்வி. எல்லை தாண்டி அம்மா வீட்டுக்குப் போகும்போது என் கம்பெனி மாத்திரை கிடைப்பதில்லை. வேறு கம்பெனி வாங்கலாமா?

#16 எஸ்வளைவு | புதன், இரவு 10.05

டீச்சர், நீங்கள் எழுதியதைப் பலர் படிக்க வேண்டும்.

வலிப்பு மருந்தில் கம்பெனி மாற்றுவதைப் பற்றி எங்களுக்குப் படிக்கும்போதே சொல்லித்தரும் கதை ஒன்று உண்டு. பெனிடாயின் என்று பழைய மருந்து, எப்டாயின் என்று பலருக்குத் தெரியும். 1938ல் வந்தது. 1968ல் ஆஸ்திரேலியாவில் நல்லபடியாக இருந்த நோயாளிகள் பலர் ஒரே சமயத்தில் தள்ளாட ஆரம்பித்தார்கள். அளவு மாறவில்லை. பார்த்தால், மருந்தோடு சேர்க்கிற வெறும் மாவை மாற்றியிருந்தார்கள். முன்னால் கால்சியம் சல்பேட், இப்போது லாக்டோஸ். பழைய மாவு மருந்தைக் கொஞ்சம் பிடித்து வைத்திருந்தது, புதியது முழுக்க விட்டுக்கொடுத்துவிட்டது. பெனிடாயினுக்கு ஒரு குணம், ஈரலின் கொள்ளளவு நிரம்பிவிட்டால் அதன்பின் கொஞ்சம் கூடினாலும் ரத்தத்தில் மடமடவென்று ஏறும். குளம் நிரம்பிய பிறகு பெய்கிற மழை மாதிரி.

லெவெடிராசெட்டம் அவ்வளவு கறாரான மருந்தில்லை, வேறு கம்பெனி கிடைத்தால் போடலாம், வேளையைத் தவற விடுவதைவிட அது எவ்வளவோ மேல். ஆனால் பெனிடாயின், கார்பமசெபைன் போடுகிறவர்கள் முடிந்தவரை ஒரே கம்பெனியில் நில்லுங்கள், மாற்றினால் டாக்டரிடம் சொல்லுங்கள். எல்லோருமே ஊருக்குக் கிளம்பும்போது பத்து நாள் மாத்திரை கூடுதலாக எடுத்துப் போங்கள்.

#17 புளியரைக்காரி | வியாழன், காலை 11.30

அண்ணே, நேத்து அங்கேயே சேத்துட்டாங்க. ரத்தத்துல கார்பமசெபைன் 15.8 இருந்துச்சு. 12க்கு மேல போகக் கூடாதாம். சோடியமும் கொஞ்சம் குறைவு, அதுவும் இந்த மாத்திரையாலதான், வயசானவங்களுக்கு வருமாம். கிளாரித்ரோமைசினை நிறுத்திட்டாங்க. அங்க உள்ள கண் டாக்டரையும் கூப்பிட்டுக் காட்டினாங்க. ஐயோடிம் இனிமே வேண்டாம்னு லாட்டனோபிராஸ்ட் எழுதியிருக்காங்க, ராத்திரி மட்டும் ஒரு சொட்டு. அது மறுகாலைத் திறக்கிற மருந்தா?

#18 எஸ்வளைவு | வியாழன், பகல் 2.15

அதேதான் தங்கச்சி. பழைய மறுகால் தூர்ந்திருந்தாலும் தசைநார்களுக்கு நடுவே கசிந்து போகிற பக்கவாய்க்கால் ஒன்று உண்டு, அதை அகலமாக்கும். இமை முடி நீளும், கண் கொஞ்சம் சிவக்கும், பயப்பட வேண்டாம். திறக்காத பாட்டிலைக் குளிர்பெட்டியில் வையுங்கள். திறந்தால் அட்டையில் போட்டிருக்கிற நாளுக்குள் முடியுங்கள்.

#19 குண்டாறு பாசனம் | வியாழன், மாலை 6.40

அம்மா தேறி வரட்டும்மா. நானும் இன்னைக்கு எம் மாத்திரை எல்லாத்தையும் ஒரு காயிதத்துல எழுதச் சொல்லிப் பேத்திகிட்ட குடுத்தேன். மொத்தம் ஒம்பது வந்துச்சு. அதுல ஒண்ணு எதுக்குன்னு எங்க வீட்டுல யாருக்கும் தெரியல. நாளைக்கு டாக்டர்ட்ட கேக்கப் போறேன்.

#20 புளியரைக்காரி | மூணு வாரம் கழிச்சு, ஞாயிறு, இரவு 8.55

எல்லாருக்கும் நன்றி. அம்மா நல்லா இருக்காங்க. இளைப்பு முழுசா நின்னுருச்சு. டெக்ரெட்டால் அதே 200 ரெண்டு வேளை, கன்னத்து வலி இல்ல. கண் பிரஷர் 17. ஒரு அட்டையில எல்லா மருந்தையும் எழுதி, சொட்டு மருந்த முதல் வரியில போட்டு, கீழ "இளைப்பு உண்டு, டிமோலால் கூடாது"ன்னு தமிழ்லயும் மலையாளத்துலயும் எழுதி அம்மா சுருக்குப்பையில வச்சிருக்கேன். மலையாளம் எழுதிக் குடுத்தது டீச்சரக்காதான்.

எதிர்வீட்டு அத்தை அதைப் பாத்துட்டு, எம் மருமவனுக்கும் ஒண்ணு எழுதிக் குடுன்னு கேட்டாங்க. மாத்திரைய எடுத்துட்டு வரச் சொன்னேன். ரெண்டு அட்டை கொண்டு வந்தாங்க. ஒண்ணு டெக்ரெட்டால், இன்னொண்ணு மசெட்டால். ஒண்ணு இந்தப் பக்கம் வாங்கினது, ஒண்ணு புனலூர்ல வாங்கினது. கீழ சின்ன எழுத்துல பாத்தா ரெண்டுமே கார்பமசெபைன். ரெண்டையும் சேத்தாப் போடுதாருன்னு கேட்டேன், அத்தைக்குத் தெரியல. இப்ப அவருக்குப் போன் போட்டுக்கிட்டு இருக்கோம்.